கிரான் டூரிஸ்மோவும் அப்பாவின் தண்ணீர் பாட்டிலும்

கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு ஒரு கற்பனை. நாளைக் காலை எழுந்து மைதானத்துக்குப் போகிறீர்கள். பந்து அதே சிவப்பு, மட்டையும் அதேதான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பந்தின் எடையில் 20 கிராம் கூட்டிவிட்டார்கள். பிட்ச் ஆனதும் அது எழும்பும் உயரமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. "ஆட்டத்தின் தரம் மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று வாசலில் ஒரு நோட்டீஸ். நீங்கள் பத்து வருஷமாகப் பழகிய கவர் டிரைவ் என்ன ஆகும்?

கிரிக்கெட்டில் இப்படி நடக்காது. கார் பந்தய வீடியோ விளையாட்டில் நடக்கும், அடிக்கடி நடக்கும். அங்கே கார் என்பதே எண்களின் மூட்டைதானே! நாலு எண்களை மாற்றினால் அதே கார், அதே சாலை, அதே வளைவு, ஆனால் ஓட்டம் வேறு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். (கேம் ஆடாதவர்களும் படிக்கலாம். நடுவில் ஒரு டவுன் பஸ் வரும்.)

எங்கள் விடுதி அறையில் நாலு பேருக்குப் பொதுவாக ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. அதில் பாதி நேரம் கால்பந்து ஓடும், மீதி நேரம் என்னுடையது. நான் ஆடுவது கிரான் டூரிஸ்மோ 7. 1997-ல் ஜப்பானில் தொடங்கிய வரிசை இது. ஏழாவது 2022 மார்ச்சில் வந்தது. சண்டை, துரத்தல், போலீஸ் எதுவும் கிடையாது. காரை ஒழுங்காக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். "இதில் என்னடா இருக்கு?" என்று என் அறை நண்பன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்குப் பிடித்த தடம் சுசூகா. ஜப்பானில் உள்ள நிஜத் தடத்தின் நகல். நீளம் 5.807 கிலோமீட்டர், 8 என்ற எண்ணின் வடிவம். ஒரு சின்ன மாஸ்டா ரோட்ஸ்டரை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் அதே தடத்தைச் சுற்றியிருக்கிறேன். சக்தி குறைந்த கார் என்பதால் அதில் வேகம் எல்லாம் வளைவில்தான். எங்கே பிரேக் விடுவது, எங்கே திருப்புவது என்று யோசிக்கவே வேண்டாம் என்கிற நிலைக்குக் கை போயிருந்தது.

2024 ஜூலையில் 1.49 என்ற புதுப்பிப்பு வந்தது. காரின் இயற்பியல், அதிலும் சஸ்பென்ஷனும் டயரும் நடந்துகொள்ளும் விதம், மாற்றப்பட்டிருந்தது. இறக்கி முடித்து முதல் சுற்று ஓட்டினேன். என் வழக்கமான நேரத்தைவிட ஒன்றரை வினாடி கூடுதல். பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஒன்றரை வருடத்தில் நான் குறைத்ததே மூன்று வினாடிதான் ஐயா!

நேரத்தைவிட என்னை உட்காரவைத்துச் சிந்திக்க வைத்தது வேறு ஒன்று. எல்லா வளைவிலும் சமமாக நேரம் போகவில்லை. நேராக பிரேக் அடித்துத் திருப்பும் ஹேர்பின்னில் ஒன்றுமே போகவில்லை. முதல் பகுதியில் வரிசையாக இடம், வலம், இடம், வலம் என்று நெளியும் எஸ் வளைவுகளில் மட்டும் முக்கால்வாசி போயிருந்தது. இது ஏன் என்று தேடப்போய்த்தான் டயர் என்ற கறுப்பு வஸ்துவின் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

டயரிலிருந்து தொடங்குவோம். ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கைகள் சேர்ந்துதான் ஒரு டன் காரை நிறுத்துகின்றன, திருப்புகின்றன, தள்ளுகின்றன. ஒவ்வொரு டயரின் கையிலும் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரேக்குக்கும் செலவு பண்ணலாம், திருப்பத்துக்கும் செலவு பண்ணலாம். ஆனால் இந்தக் கடையில் கணக்கு கொஞ்சம் விநோதம். பிரேக்குக்கு 80 போனால் திருப்பத்துக்கு மிஞ்சுவது 20 அல்ல, 60. இரண்டும் செங்குத்தான திசைகள் என்பதால் பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே கணக்குப்பிள்ளை. 95 செலவழித்தாலும் 31 மிச்சம் இருக்கும். முழு 100-ம் பிரேக்குக்கே போனால்தான் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போகும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள் பந்தய ஓட்டுநர்கள். இந்த வர்க்கமூல லாபத்தைத்தான் அவர்கள் அள்ளுகிறார்கள்.

அடுத்த சிக்கல், அந்த 100 ரூபாயே நிலையானதல்ல. டயரின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ அதைப் பொறுத்துக் கூடும், குறையும். பிரேக் அடித்தால் எடை முன்னால் சாய்கிறது. ஒரு கணக்கு: 1000 கிலோ கார், முன்பின் சமமாக 500, 500. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.3 மீட்டர். புவியீர்ப்பின் 0.9 மடங்கு வேகத் தளர்வில் பிரேக் அடித்தால் 1000 × 0.9 × 0.5 ÷ 2.3, அதாவது ஏறத்தாழ 196 கிலோ பின்னாலிருந்து முன்னால் வந்துவிடும். முன்னால் 696, பின்னால் 304. அந்த நொடியில் முன் சக்கரம் பணக்காரன், பின் சக்கரம் ஏழை. ஆனால் எடை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆகவே எடை எந்தப் பக்கம் ஓடினாலும் மொத்தத்தில் நஷ்டம்தான். காரை ஆட்டாமல் ஓட்டுகிறவனே வேகமானவன் என்பதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இது.

எவ்வளவு எடை நகர்கிறது என்பதை உயரமும் நீளமும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்பதை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தீர்மானிக்கின்றன. என் எஸ் வளைவுப் பிரச்சினைக்கு விடை இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்தது. இடப்பக்கம் சாய்ந்த உடம்பு வலப்பக்கம் வந்து சேர என் கைக்குத் தெரிந்த நேரம் ஒன்று. மாற்றத்துக்குப் பிறகு அது வந்து சேரும் நேரம் வேறொன்று. நான் பழைய தாளத்தில் திருப்பினேன், கார் புதுத் தாளத்தில் சாய்ந்தது. ஹேர்பின்னில் ஒரே ஒரு சாய்வு என்பதால் அது தெரியவில்லை. வரிசையாக நாலு சாய்வு வந்தபோது பிசகு சேர்ந்துகொண்டே போய் நாலாவது வளைவில் நான் புல்லில் இருந்தேன்.

இன்னொரு எண்ணும் உண்டு. அதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். டயர் தான் பார்க்கும் திசையிலேயே போவதில்லை, கொஞ்சம் நழுவிக்கொண்டே போகிறது. அந்த நழுவல் கோணம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். சாதாரண சாலை டயர் என்றால் ஏழெட்டு டிகிரி வாக்கில் உச்சம். அதைத் தாண்டினால் இறக்கம். அந்த இறக்கம் எப்படி இருக்கிறது என்பதில்தான் ஒரு விளையாட்டின் குணமே இருக்கிறது. மெதுவாக இறங்கினால் கார் உங்களை மன்னிக்கும், "தம்பி, வழுக்குது பார்" என்று சொல்லிவிட்டு வழுக்கும். செங்குத்தாக இறங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு கோட்டின் சரிவு, அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் நிமிர்த்தினால் ஆயிரக்கணக்கான பேரின் மாலைப்பொழுது கெட்டுப்போகும்.

இந்த எண்களோடு எனக்குப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. சின்ன வயதில் மாமா வீட்டுக் கணினியில் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி இருந்தது. அதன் கோப்புறைக்குள் டேட்டா என்று ஒரு கோப்புறை, அதற்குள் ஹேண்ட்லிங் என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி. எடை, எடை மையம், பிடிமானம், முன்பின் பங்கீடு, பிரேக், ஸ்டீயரிங் திரும்பும் கோணம், ஸ்பிரிங்... எல்லாம் வரிசையாக எண்கள். மாமா பையன் ஒரு கார் எடுத்து எடையில் ஒரு பூஜ்யம் சேர்ப்பான். எதிரே வரும் வண்டியெல்லாம் பறக்கும். நான் எடை மையத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றுவேன். அதே கார் முதல் திருப்பத்திலேயே குப்புறக் கவிழும். பிடிமானத்தைப் பாதியாக்கினால் மொத்த ஊரும் எண்ணெய் கொட்டின தரை. இயந்திரவியல் படிக்க நான் வந்ததற்குக் கலந்தாய்வு மதிப்பெண் ஒரு காரணம் என்றால் அந்தக் கோப்பு இன்னொரு காரணம்.

சரி, நிஜத்துக்கு அருகில் போகப் போக விளையாட்டு நல்லதாகிவிடுமா? நிறுவனங்கள் அப்படித்தான் விளம்பரப்படுத்துகின்றன. 2023-ல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டில் டயரின் இயற்பியல் நொடிக்கு 360 முறை கணக்கிடப்படுகிறது, முன்பு 60. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் புள்ளிகள் 8, முன்பு 1. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வளைவின் ஓரத்துக் கல்விளிம்பில் டயரின் ஒரு பாதி மட்டும் ஏறுவதை ஒற்றைப் புள்ளியால் சொல்ல முடியாது, எட்டால் முடியும். ஆனால் 2024 மே கடைசியில் வந்த எஃப்1 24-ஐப் பாருங்கள். ஓட்டும் விதம் முழுக்கப் புதிது, மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் ஆலோசனையும் உண்டு என்று சொல்லியே வெளியிட்டார்கள். உலக சாம்பியனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ஆடியவர்கள் பலர் கார் நம்ப முடியாத வேகத்தில் திரும்புகிறது, எடையே இல்லை என்றார்கள். சில வாரங்களில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. இதற்கு நேர் எதிர் 2010-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ஹாட் பர்சூட். பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வளைவு முழுக்கப் போகும். இயற்பியல் பேராசிரியர் பார்த்தால் மயங்கி விழுவார். எனக்கு அது மிகவும் பிடிக்கும். பொய்தான், ஆனால் எல்லா வளைவிலும் ஒரே மாதிரிச் சொல்லப்பட்ட பொய். கைக்கு வேண்டியது அதுதான்.

1.49 வந்தபோது நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். சில கார்கள், குறிப்பிட்ட சில அமைப்புகளில், தானாகத் துள்ள ஆரம்பித்தன. துள்ளல் கூடிக் கூடி வானத்துக்கே எகிறின. காணொளிகள் இணையமெங்கும் சுற்றின. சில நாட்களில் 1.50 வந்து அதைச் சரி செய்தது. விழுந்து விழுந்து சிரித்தேன் என்றாலும் மனசுக்குள் எண்முறைக் கணிதப் பாடவேளை ஞாபகம் வந்தது. ஒரு ஸ்பிரிங், ஒரு எடை, ஆய்லர் முறை. காகிதத்தில் அலைவு ஒரே அளவில் இருக்க வேண்டும். கணினியில் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அலைவு பெரிதாகிக்கொண்டே போகும். கணினிக்கு நேரம் என்பது ஓடும் தண்ணீர் அல்ல, படிக்கட்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஸ்பிரிங் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியில் இல்லாத சக்தி முளைத்துவிடும். ஸ்பிரிங்கை இறுக்க இறுக்கப் படிகள் இன்னும் நெருக்கமாக வேண்டும். உருவகம் செய்கிற எல்லோருக்கும் இது பழைய வியாதி.

இப்போது பஸ் வருகிறது.

அப்பா டவுன் பஸ் ஓட்டுநர். இருபத்தாறு வருடச் சர்வீஸ். அதில் பெரும்பகுதி பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய வண்டிகள். அந்த ஆடி மாதம் நான் இங்கே சுசூகாவில் புல்லில் உருண்டுகொண்டிருந்த அதே சமயம், அங்கே டிப்போவில் அவர் கைக்கு ஒரு புது வண்டி கொடுத்திருந்தார்கள். ஏர் சஸ்பென்ஷன், தொட்டால் பிடிக்கிற பிரேக், லேசான ஸ்டீயரிங். அம்மா போனில், "புது வண்டி வந்ததுல இருந்து மனுஷன் சரியா தூங்கல" என்றார். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"வண்டி நல்ல வண்டிதான்டா. சொகுசா போவுது. ஆனா என் காலு இன்னும் பழைய வண்டியிலயே இருக்கு. நான் சாதாரணமா மிதிச்சா, நிக்கிற சனமெல்லாம் முன்னாடி வந்து விழுவுது. நேத்து ஒரு ஆயா, கூடையோட."

"அடிபட்டுச்சாப்பா?"

"இல்ல. கண்டக்டர் தம்பி புடிச்சிட்டான்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. என் ஒன்றரை வினாடியைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பிறகு, "அப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் செய்தது இதுதான். காலையில் முதல் ட்ரிப்புக்கு அரை மணி முன்னால் போய், காலி வண்டியை எடுத்து, டிப்போவுக்குள் இருக்கும் காலி இடத்தில் மெதுவாகச் சுற்றுவார். இன்ஜின் மூடிமேல் பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டில் ஒன்று. ரோட்டைப் பார்க்கும் ஓரக்கண்ணில் தண்ணீரின் மேல்மட்டம் சாய்வதைப் பார்ப்பார். மிதிக்கும்போது எவ்வளவு சாய்கிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. விடும்போது எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான். "மிதிக்கிறதுல யாரும் விழ மாட்டாங்கடா. வண்டி நின்னு, காலு எடுக்கற நேரத்துல பின்னாடி ஒரு ஒதை வரும் பாரு, அதுலதான் விழுவாங்க." (கார்ட்டூன் பிரியர்கள் இனிஷியல் டி தொடரில் வரும் தண்ணீர்க் கோப்பையை நினைத்துக்கொள்வார்கள். அப்பா அதைப் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது பழைய எம்.ஜி.ஆர். படம் மட்டும்.)

நான் நாலு பாடப் புத்தகம் புரட்டிக் கண்டுபிடித்த ஷாக் அப்சார்பர் விஷயத்தை அவர் ஒரு பாட்டிலில் கண்டுபிடித்து வைத்திருந்தார். எடை நகரும் அளவு ஒன்று, நகர்ந்து திரும்பும் நேரம் இன்னொன்று. பழகவேண்டியது இரண்டாவதைத்தான்.

எங்கள் இருவருக்கும் நடந்தது ஒரே விஷயம் என்று சொல்லிவிட்டால் அது நேர்மையல்ல. என் கார் புல்லில் போனால் ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபடி தடத்தில் நிற்கும். அவருக்குப் பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள், கூடைக்குள் முட்டையோ தக்காளியோ இருக்கிறது. 54 வயதில் ஒரு காலைப் புதிதாகப் பழக்கும் வேலையும், 20 வயதில் ஒரு கட்டைவிரலைப் பழக்கும் வேலையும் ஒன்றல்ல. ஆனாலும் ஓட்டும் அறிவு எங்கே சேமித்து வைக்கப்படுகிறது என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. அது ஓட்டுகிறவனிடம் மட்டும் இல்லை. பாதி வண்டியில் இருக்கிறது. வண்டி மாறினால் அந்தப் பாதி போய்விடும்.

அப்பாவின் முறையையே நானும் எடுத்துக்கொண்டேன். முழுச் சுற்று ஓட்டுவதை நிறுத்தினேன். இந்த விளையாட்டில் சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் என்று ஒன்று உண்டு, தடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டாக ஓட்டலாம். எஸ் வளைவுத் துண்டை மட்டும் எடுத்து, வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கில், நேரத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். பார்த்தது ஒன்றே ஒன்று: ஒரு பக்கம் சாய்ந்த கார் நிமிர்ந்து முடிப்பதற்குள் நான் அடுத்த பக்கம் திருப்புகிறேனா? எல்2 பொத்தானை விடும் வேகத்தைப் பாதியாக்கினேன். விரலின் பயணம் மொத்தமே ஒரு சென்டிமீட்டருக்குள். அந்த ஒரு சென்டிமீட்டரைக் கடக்க எத்தனை நேரம் எடுத்துக்கொள்வது என்பதில் ஒரு வாரம் போனது. அறை நண்பன், "மச்சி, நீ கேம் ஆடுறியா, வீணை வாசிக்கிறியா?" என்றான்.

மூன்றாவது வாரம் பழைய நேரத்துக்குப் பத்தில் இரண்டு வினாடி பக்கம் வந்துவிட்டேன். ஆனால் வழி மாறியிருந்தது. முன்பு இரண்டாவது வளைவில் வேகத்தைப் பிடித்து வைத்து நாலாவதில் விட்டுக்கொடுப்பேன். இப்போது இரண்டாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மூன்றும் நாலும் தானாகத் திறக்கின்றன. இந்தக் கார் எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாய்வது விரலுக்குத் தெரிகிறது.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவின் வண்டியிலேயே ஒரு ட்ரிப் போனேன். உட்கார இடம் இருந்தும் வேண்டுமென்றே நின்றேன், கம்பியைப் பிடிக்காமல். ஐந்து நிறுத்தம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது நிறுத்தத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது மட்டும் கம்பியைப் பிடித்தேன். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டார். "கம்பிய புடிச்சிட்டு நில்லுடா" என்று ஒரு சத்தம். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டில் இன்ஜின் மூடிமேல் இல்லை, சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பைக்குள் இருந்தது. தாகத்துக்கு.

எனக்கு இன்னும் 130ஆர் என்ற அந்த வேகமான இடது வளைவு மட்டும் பிடிபடவில்லை. அங்கே வேகம் அதிகம், சாய்வு ஒன்றே ஒன்று, ஆனால் நீளம். பாதி வளைவில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் மூக்கு உள்ளே வருகிறது, கொஞ்சம் கூடுதலாக விட்டால் வால் வெளியே வருகிறது. அந்தக் கொஞ்சத்துக்கும் கூடுதலுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று இந்த வாரம் பார்க்க வேண்டும். செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.